இடப்பக்க இருக்கை

எடையைக் குறைக்கத்தான் கழற்றினேன்.
பதினாலாம் நம்பர் ஸ்பானர், நாலு போல்ட்,
மிஞ்சினால் அரைமணி நேரம்.
பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு
மெதுவா போ, மெதுவா போ என்று சொல்ல
இனி ஒருத்தருக்கும் இடமில்லை என்று
பூன் ஹெங் பட்டறையில் கைதட்டிச் சிரித்தேன்.
ஜூருவில் ஓர் உடைப்புக் கடைக்காரன்
நாற்பது வெள்ளிக்கு அதை எடுத்துக்கொண்டான்.

என் காடி கத்தரிக்காய் நிறம்.
பெயரில் சருகுமான், அறுநூற்று அறுபது சிசி.
வயிற்றுக்குள்
ஜப்பானில் பாதியாய் அறுபட்டுக் கப்பலில் வந்த டர்போ.
மூன்று சம்மன். புஸ்பாகோமில் இரண்டு முறை ஃபெயில்.
சைலன்சரை மாற்றிக்கொண்டு போய் மூன்றாம் முறை பாஸ்,
அன்று சாயங்காலமே
பழையதை மாட்டியாயிற்று.
துன் சார்டோன் சாலையின் வளைவுகளை
கண்ணைவிட என் இடுப்புக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மார்ச் மாதம்,
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை கேன்டீனில்
மீ கோரெங் தட்டுக்கு முன்னால்
மூன்று நிமிடம் நான் இல்லாமல் போனேன்.
திரும்பி வந்தபோது
வாயில் இரத்தம்,
தலைக்குக் கீழே யாரோ மடித்து வைத்த சீருடை.

டாக்டர் நஸ்ரீன்
என் மண்டைக்குள் ஓடிய கோடுகளைக் காட்டினார்.
பார்த்துப் பழகிய கோடுகள்தான்.
ரெண்டாம் சிலிண்டரில் பொறி தப்பும்போது
பூன் ஹெங் மடிக்கணினியில் இப்படித்தான் துள்ளும்.
பிளக் மாற்றினால் சரியாகுமா, டாக்டர்?
அவர் சிரிக்கவில்லை.
மாத்திரை எழுதினார்.
ஒரு வருஷம் வராமல் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்,
அதுவரை ஓட்டக்கூடாது.

பேக்டரி பஸ்ஸில் போகிறேன்.
டிரைவர் ஒவ்வொரு கியருக்கும் அரை நொடி தாமதம்.
என் இடது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.
எலி ஓடியதோ என்று
பக்கத்து நேப்பாளப் பையன் குனிந்து பார்க்கிறான்.

வெள்ளி இரவு சுங்கை டுவா மாமாக் கடைக்கு
எல்லாரும் வருவார்கள்.
ஒருத்தனுக்கு கேஸ்கட் போச்சு,
ஒருத்தன் புது இன்டர்கூலருக்குக் கல்யாணக் காசை எடுத்துவிட்டான்.
நானும் போனேன்.
கிராப்பில் வந்து இறங்கியவளிடம்
சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்றார்கள்.
யாரும் போனட்டைத் திறந்து காட்டவில்லை.

ஞாயிறுதோறும் கீழே போய்
ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பேன்.
எட்டாம் மாடி ஜன்னல்கள் வரை சத்தம் போகும்.
ரெண்டு வாரம் மறந்தேன்,
பாட்டரி செத்துவிட்டது.
டிக். டிக். அப்புறம் அதுவும் இல்லை.

என் கணவர் புவனராஜுக்கு
ஆட்டோ மைவியே போதும்.
கியர் என்றால் பின்னால், முன்னால், நிற்க.
அவர்தான் புது பாட்டரியைத் தூக்கி வந்து,
என்னைப் பார்க்காமல்,
நான் ஓட்டட்டுமா என்றார்.
அப்புறம் அவரே,
உனக்கு உட்கார இடமில்லையே.

ஜூருவுக்குப் போனோம்.
என் இருக்கை எப்போதோ போய்விட்டது.
வேறொன்று கிடைத்தது,
சாம்பல் நிறம், சிகரெட் சுட்ட ஓட்டை,
நூற்றிருபது வெள்ளி, ஒரு காசு குறையாது.
அதே ஸ்பானர். அதே நாலு போல்ட்.

பாயா தெருபோங் ஏற்றத்தில் மூன்று தடவை அணைத்தார்.
பின்னால் லோரிக்காரன் ஹார்னை விடவில்லை.
நான் என் கைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.
நாலாம் வளைவில்
ரெண்டாம் கியரில் பிடித்து அழுத்தினார் பாருங்கள்,
டர்போ விசில் அடித்தது,
இடப்பக்கம் பள்ளம் அப்படியே ஏறி வந்தது,
மெதுவா போ! என்று கத்தினது
நான்தான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே
வெப்ப ஊசி சிவப்பைத் தொட்டது.
டுரியான் தோட்டத்து வேலியோரம் நிறுத்தினோம்.
முன்னால் ஆவி.
என்ன செய்யணும், என்றார், முகம் வெளுத்து.
ஒண்ணும் செய்யாதீங்க, ஆறட்டும்.

அரைமணி கழித்து,
துணியைச் சுற்றிக்கொண்டு குனிந்தேன்.
ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தது. அவ்வளவுதான்.
திருகுளியால் நாலு சுற்று,
பாட்டில் தண்ணீர் ரெண்டு.
முழங்கை வரை கரி.
லைசன்ஸ் கேட்காத வேலை.
இன்னொரு தடவை இறுக்கினேன்,
தேவையில்லைதான்.