கடைவாய்

என் துப்பாக்கிக்கு என்னைவிட வயது அதிகம்.
இதுவரை ஒரே ஒரு தடவை வெடித்திருக்கிறது,
தவறிக் கீழே விழுந்து.
செத்தது ஒரு தகரக் குடம்.
இருந்தாலும் சிமியென் மலைக்கு வரும் விருந்தாளிகளோடு
அதைத் தோளில் போட்டு நடப்பதுதான் என் சம்பளம்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பதினோரு சொல்.
மெதுவாக. அங்கே பார். தண்ணீர். பரவாயில்லை.
மீதியெல்லாம் மிருகங்களின் பெயர்.

இந்த முறை வந்தவள் ஃபிலொமேனா.
போர்ச்சுகலில் பல் மருத்துவர் என்றான்
மொழிபெயர்க்க வந்த தெசாலென்.
அறுபது இருக்கும். முழங்காலில் பட்டை.
பார்க்க வேண்டியதை நோட்டில் எழுதி வைத்திருந்தாள்:
ஜெலாடா குரங்கு, வாலியா ஆடு, கோயிலின் தாபோத்.

முதல் நாளே ஜெலாடா.
கிடைக்காமலா போகும்?
நெஞ்சில் சிவப்புத் தோலோடு இருநூறு பேர்
உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து
புல்லைக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள்.
போன மாதம் என் பார்லியைத் தின்றதும் இவர்கள்தான்.
என் மனைவி வுபாலெம் கல்லெறிந்து விரட்டிய திருடர்களை
நான் விரல் நீட்டிக் காட்டுகிறேன்,
மரியாதையாக.

கிழட்டு ஆண் ஒன்று மேலுதட்டைப் புரட்டி
ஈறு முழுக்கத் தெரியக் கொட்டாவி விட்டது.
மற்றவர்கள் பின்வாங்குவார்கள்.
இவள் முன்னே சாய்ந்தாள்.
"மேல் இடது கோரைப்பல், நுனி உடைந்திருக்கிறது."
சீட்டு வாங்கிக் காத்திருப்பவனிடம் பேசுவதுபோல் சொன்னாள்.

மறுநாள் மூடுபனி.
மலை இருக்கிறது என்பதற்குக்
கால்வலி மட்டுமே சாட்சி.
வாலியா வரும் பாறை விளிம்பில்
மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம்.
கீழே எங்கோ ஒரு கல் உருண்டது.
குளம்போ, காற்றோ.
"வாலியா" என்றேன்.
பொய்யென்றும் சொல்ல முடியாது.
அவள் நோட்டில் ஏதோ எழுதி, உடனே அடித்தாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மிக்கேல் கோயில்.
வெறுங்காலோடு மூவரும், வெறும் வயிற்றோடு நானும்.
சுவரெல்லாம் சித்திரம்:
புனிதர்களுக்கு அகலமாய் இரண்டு கண்,
பொல்லாதவனுக்குப் பக்கவாட்டில் ஒன்று.
நடுவில் திரை.
அதற்குப் பின்னால் தாபோத்.

ஒரே ஒரு நிமிடம், என்று கேட்டாள்.

நானே பார்த்ததில்லை, அம்மா.
என் அப்பன் பார்த்ததில்லை.
திருமுழுக்குத் திருநாளில் தலைமேல் வரும்போதும்
நாங்கள் பார்ப்பது சுற்றிய பட்டைத்தான்.
இதைச் சொல்லப் பதினோரு சொல் போதாது.

மெர்சா பாதிரியார் தலையசைத்தார், முடியாது.
அசைத்த வேகத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

வெளியே, காட்டு ஒலிவ மரத்தடியில்
அவரைக் கல்லில் உட்காரவைத்துக்
கைப்பேசி விளக்கைப் போட்டாள்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் துப்பாக்கியைத் தரையில் வைத்தேன்.
வேதம் தவிர வேறெதற்கும் அதிகம் திறக்காத வாய்
மெல்லத் திறந்தது.
திரை தாண்டாத அந்த வெளிச்சம்
கடைவாய் வரைக்கும் போனது.
அவள் மூச்சை அடக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்,
நேற்றுப் பனியைப் பார்த்த அதே கண்ணால்.

இரண்டு மாத்திரை. சாப்பிட்டபின் போட வேண்டும்.
தெபார்க் போய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும்.
பாதிரியார் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார்.
நோன்பு முடிய நேரமிருந்தது.
மாத்திரையைச் சால்வை நுனியில் முடிந்துகொண்டார்.

இரவு காப்பி வறுத்தபடி வுபாலெம் கேட்டாள்:
"அவ்வளவு தூரம் வந்து என்னதான் பார்த்தாள்?"
"குரங்கின் பல். பாதிரியாரின் பல்."
"பாவம்" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து
நாக்கால் எதையோ உள்ளே தடவிப் பார்த்து,
"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள்?"