எட்டுக்குப் பத்து

பாண்டிச்சேரியில் இரண்டாம் ஆட்டம்.
இந்திப் படம். கீழே எழுத்தும் ஓடவில்லை.
எனக்குத் தெரிந்த இந்தி
ரயில் பெட்டியில் சங்கிலிக்குப் பக்கத்தில் இருப்பதுதான்.

ஆனாலும் புரிந்தது.
அப்பா படுக்கையில் விழுந்த அன்றே
சித்தப்பா நாற்காலியை
ஒரு சாண் முன்னால் இழுக்கிறார்.
மருமகள் அழுகிறாள்,
வாசலில் நிற்கும் கார்களை எண்ணியபடி.
பின்வரிசையில் ஒருவர் மனைவிக்கு
மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார், தப்புத்தப்பாக.

நான் முதுநகரில் பிளெக்ஸ் அடிக்கிறவன்.
தணிகாசலம் வீட்டு அரசியல்
எனக்கு அங்குலத்தில் தெரியும்.
பொங்கலுக்கு இளவழகன்
அப்பாவின் தோள் உயரம்.
சித்திரையில் காதுவரை வந்துவிட்டார்.
அக்கா அமிர்தவல்லி
ஓரத்தில், கைகூப்பி, தபால்தலை அளவு;
வார்டு பெண்களுக்கு என்று அறிவித்த மறுநாள்
அவரே கூப்பிட்டார்:
"தம்பி, என்னைக் கொஞ்சம் பெரிசாக்கு."

கன்னியக்கோவில் தாண்டும்போது போன்.
மாப்பிள்ளை குணாளன்.
"பெரியவர் போயிட்டார்.
எட்டுக்குப் பத்து, விடியறதுக்குள்ள.
அவர் படம் மட்டும் போதும்.
கீழே என் பேர்."
பின்னால் கார் கதவுகள் சாத்தும் சத்தம்.
நான்கு எண்ணினேன்.

கடையைத் திறந்து
பொங்கல் படத்தை எடுத்தேன்.
இளவழகனை வெட்டியாயிற்று.
பெரியவரின் தோளில்
அவர் கை மட்டும் மிச்சம்.

அழிக்கப் போகையில் அமிர்தவல்லி.
"பொங்கல் படம்தானே?
தோள்மேல ஒரு கை இருக்கும்.
அதுக்கு ரெண்டு வளையல்
போட முடியுமா, தம்பி?"