பதினைந்து வாட் வெயில்

பார்சல் கிடங்கில் இரவு ஷிஃப்ட் ஐந்து நாற்பதுக்கு முடிகிறது.
பேருந்து ஆறு பதினேழுக்கு,
வந்தால்.
இங்ஸ்டர் சாலை நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டில்
ஹீட்டர் பொத்தானை அமுக்கினால்
ஒரு சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான்.
வினிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
மூக்கு மயிர் விறைப்பது எனக்கே கேட்கிறது.

ஜாக்கெட்டின் உட்பையில், வயிற்றோடு ஒட்டி
அடைகாத்து வைத்திருந்ததை எடுக்கிறேன்.
குளிரில் விட்டால் அறுபது சதவீத பேட்டரி
சொல்லாமல் கொள்ளாமல் ஒன்பதாகிவிடும்.
போன மாதம் அப்படித்தான்
ஒரு தொங்குபாலத்தின் நடுவில் செத்துப்போனேன்.

பெம்பினாவில் ஒரு மாணவனிடம் வாங்கியது.
ஓவன் என்று பெயர். இரண்டு பாடத்தில் ஃபெயில்,
இது இனி வீட்டில் இருக்கக் கூடாது என்றான்.
முந்நூற்று எண்பது டாலர்,
ஓவர்டைம் சனிக்கிழமைகள் மூன்று.
முழுக் கணினி ஒன்று
இரண்டு உள்ளங்கைக்கு இடையில் மூச்சு விடுகிறது.
இடது குச்சி மட்டும் வழுக்கும்:
கையை எடுத்தால் என் ஆள் தானாக இடப்பக்கம் நடப்பான்.
டெட்ஸோன் எண்ணைக் கொஞ்சம் கூட்டினால் போதுமாம்.
கூட்டவில்லை.

வாட் எண்ணிச் செலவழிப்பவள் நான்.
ஆறு வாட் என்றால் மங்கல் மரங்கள், இரண்டு மணி நேரம்.
பதினைந்து என்றால் நாற்பது நிமிடம்கூடத் தேறாது.
வாடகை, ஊருக்கு, போனுக்கு என்று
சம்பளத்தைப் பிரிக்கிற அதே விரல்
மெனுவில் நிழலைக் குறைக்கும்,
தண்ணீரின் நெளிவை நிறுத்தும்,
தூரத்து மலை வேண்டாம் என்னும்.

இன்றைக்குச் சிக்கனம் போதும்.
பாலைவனக் கட்டத்தைத் திறக்கிறேன். நடுப்பகல்.
ரே டிரேசிங்கைப் போடுகிறேன்.
ஒவ்வொரு கதிரும் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறதென்று
அந்தச் சின்னச் சில்லு கணக்குப் போடத் தொடங்க
விசிறி எழுந்து
பொங்கப்போகிற பாலைப் போல இரைகிறது.
மேல் விளிம்பின் இடுக்கு வழியே காற்று வருகிறது.
வெயில் இல்லை அது,
வெயிலை வரைந்த களைப்பு.
விரல் நுனிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ரோடெல் வருகிறான். நான்காம் கன்வேயர்.
மணிலாக்காரன், இரவு முழுக்கப் பேசாதவன்.
ஒரு கையுறையைத் தொலைத்திருக்கிறான்.
திரையை எட்டிப் பார்த்து
"ஃபிரேம் எத்தனை?" என்கிறான்.
"பதினொன்று."
"விளையாடவே முடியாதே."
"விளையாடவில்லை."
இடுக்கைக் காட்டினேன். சிரிக்கவில்லை அவன்.
தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல
வெறுங்கையை மேலே கொண்டுவந்து பிடித்தான்.

மூலையில் ஓர் எண் எழுபத்தொரு டிகிரி என்கிறது.
முழங்கால் மேல் கருவி, அதன் மேல் மூன்று கைகள்.
குச்சியை யாரும் தொடவில்லை.

என் ஆள் கிளம்பிவிட்டான்,
நொடிக்குப் பதினொரு தடவை மட்டும் இருந்துகொண்டு.
மணல்மேடு. இன்னொரு மணல்மேடு.
நான் ஒருநாளும் போகாத பக்கம்,
வரைபடம் காலியாக விட்டிருக்கும் பக்கம்.
"விழப்போகிறான்" என்றான் ரோடெல்.
கையை எடுக்கவில்லை.
நானும்தான்.
பன்னிரண்டு சதவீதம். ஏழு.

அங்கே ஒரு வீடு இருந்தது.
கதவு இல்லை, கூரைக்கு நிறம் இல்லை,
வெறும் சாம்பல் பரப்பு. இன்னும்
எந்த ஊரில், எந்த இரவுப் பணிக்காரர்
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுப்போனதோ.
அதற்கும் நிழல் விழுந்திருந்தது, கணக்கு பிசகாமல்.
சுவரில் முட்டிக்கொண்டு
நடந்துகொண்டே நின்றான் என் ஆள்.

நான்கு.
பனிப்புகைக்குள் மஞ்சளாய் இரண்டு விளக்குகள்.
ஒரு தட்டு தட்டித் தூங்கவைத்தேன்.
விசிறி அடங்கியதும்தான்
தெரு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது.
படியேறும்போது ரோடெல் திரும்பாமலே சொன்னான்:
"நாளைக்கு பவர்பேங்க் கொண்டுவருகிறேன்.
அறுபத்தைந்து வாட்."

உட்பையில் அது
சால்ட்டர் தெரு வரைக்கும் சூடாக இருந்தது.