மூன்று நூல் சரிவு

பெட்டியில் வந்தது கார் இல்லை.
கார் என்று சொல்லிக்கொள்ளும் பதினொரு ஓடுகள்.
வெளிப்பக்கம் தபால்பெட்டிச் சிவப்பு,
உள்பக்கம் இழை இழையாக, வெந்து ஆறிய சேமியா.

அபர்டோவியில் பிப்ரவரி மழை
மேலிருந்து வராது,
கடலிலிருந்து படுக்கைவாட்டில் வரும்.
கேரேஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு
பானட்டின் ஒரு முனையை நான் பிடித்தால்
மறுமுனைக்கு ஆள் வேண்டும்.
எடை ஒன்றுமில்லை. நீளம்தான்.
தனியாகத் தூக்கினால் விரித்த குடை மாதிரி
எங்கேயோ இழுத்துப் போகும்.

மறுமுனைக்கு ஓஷியன் வருவான்,
பேக்கரி அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு மணிக்கு.
அதற்குள் நான் கடிதப் பையைக் காலிசெய்து
இரண்டு பண்ணை நாய்களிடம் தப்பி வந்திருப்பேன்.
அவன் முழங்கையில் மாவு.
என் முழங்கையில் ஃபைபர் கிளாஸ் அறுத்த தூசி.
இரண்டும் ஒரே வெள்ளை.
ஒன்றுதான் ராத்திரி தூங்க விடாது.

முதலில் குளிர்ந்த தண்ணீர், நெரிஸ்.
வெந்நீர் ஊற்றினால் தோல் வாய் திறந்து
ஊசியை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

வைப்போம். எடுப்போம்.
ஓரத்தை ஒரு மயிரிழை தேய்ப்போம்.
வைப்போம்.
துளை போடாதே, இன்னும் போடாதே,
துளை என்பது கொடுத்த வாக்கு.
டேப் ஒட்டி, பென்சில் கோடிழுத்து,
வாஷர் ஒன்று, வாஷர் இரண்டு,
வலக்கதவு டப்பென்று சமர்த்தாக மூடியது.
இடக்கதவு மூன்று நூல் கீழே தொங்கியது,
ஒருபக்கமாகச் சிரிக்கிறவன் வாய் போல.

ரசமட்டம் வைத்தேன். சேஸிஸ் மட்டம்.
தரையைச் சந்தேகித்தேன். தரை மட்டம்.
மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்தேன், ஒன்பது தடவை.
வெல்டிங் செய்தவள் நான் என்பதால்
ஒன்பது தடவையும் என்னையே சந்தேகித்தேன்.
ஹேர் டிரையரால் கதவைச் சூடேற்றி
மரக்கட்டை முட்டுக்கொடுத்து ராத்திரி முழுக்க விட்டேன்.
விடிந்ததும் கட்டையை எடுத்தேன்.
தன் பழைய நினைவுக்கே திரும்பிப் போயிற்று.

ஓஷியன் ஒன்றும் சொல்லவில்லை.
பிடி என்றால் பிடிப்பான்.

மார்ச்சில் ஸ்டோக்குக்கு போன் போட்டேன்,
அச்சு வைத்திருக்கும் பிக்கர்ஸ்டாஃபுக்கு.
"இடது பக்கமா?" என்றார், நான் சொல்லுமுன்.
அச்சு எடுத்த மூலக் கார்
எழுபத்திநாலில் ஒரு பால் வண்டியோடு மோதியதாம்.
தட்டி நிமிர்த்தினார்கள், பெயிண்ட் அடித்தார்கள்,
கண்ணுக்குத் தெரியவில்லை.
அச்சுக்குத் தெரிந்திருக்கிறது.
அதிலிருந்து உரித்தெடுத்த ஒவ்வொன்றும்,
இதுவரை அறுபத்திரண்டு கார்கள்,
யாரோ பிரேக் பிடிக்கத் தவறிய
ஒரு திங்கட்கிழமைக் காலையை
இடது தோளில் சுமந்துகொண்டு ஓடுகின்றன.

"ஏன் முன்னமே சொல்லவில்லை?"
"கேட்டவங்களுக்குச் சொன்னேனே."

கோபம் வரவேண்டிய இடம். டீ போட்டேன்.
ஒன்பது குறுக்களவும் சரிதான் என்பதில்
வெட்கமில்லாத சந்தோஷம் வந்தது.

அப்புறம் வேலை எளிது.
எளிதில்லை, வேறு வேலை.
வலப்பக்கத்தை ஒரு நூல் இறக்கினோம்.
இடப்பக்கத்தை ஒரு நூல் ஏற்றினோம்.
மிச்சம் ஒரு நூலை
ஹெட்லைட் வளைவில் எங்கோ கரைத்தோம்.
"ஒரு காரோட ரெண்டு பக்கத்தையும்
ஒரே நேரத்துல பாக்கறவன் யாரு?"
என்றான் ஓஷியன்.
இரண்டு மாதத்தில் அவன் பேசிய நீளமான வாக்கியம்.

துளை போட்டேன்.
முதலில் சிவப்புத் தூள், பிறகு வெள்ளைத் தூள்,
பிறகு அந்தப் பக்கத்து வெளிச்சம்.
எட்டு போல்ட்டும் ஏறியாயிற்று.
விடலாம் என்றேன்.
விட்டான், சற்றுத் தாமதமாக.

அன்று ராத்திரி கையெல்லாம் அரிப்பு.
கழுவ மறந்துபோயிருந்தேன்.