அறுபத்து மூன்று கிலோ

ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது.
முன்னே ஒற்றைச் சக்கரம், அகலமான கண்ணாடி,
காற்றைக் கிழிக்கிற பெருமை, எல்லாம் அவருக்கு.
நான் உட்காருவது
பின்சக்கரம் இரண்டையும் கோக்கிற அச்சுக்கு
நேர் மேலே.
பினாங்குப் பாலத்தில் மொத்தம் எத்தனை இணைப்பு என்று
கட்டியவர்களுக்கு அடுத்தபடி
என் வாலெலும்புக்குத்தான் தெரியும்.

"கொஞ்சம் குதிக்குது" என்றார் இவர், பட்டறையில்.
கொஞ்சமாம்.
பாலிக் புலாவ் வளைவுகளில் தோணி மாதிரி ஆடி,
பள்ளிக்கூட வாசல் மேட்டில் ஏறி இறங்கினால்
அடியில் இரும்பும் இரும்பும் முட்டி
டொக்.
அந்தச் சத்தம் இவர் காதுக்குப் போகுமுன்
என் பல்லுக்கு வந்துவிடும்.

ஜெலுத்தோங்கில், சந்தைக்குப் பின்தெரு.
தெய்க் ஹின் இவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு
என் பக்கம் திரும்பினார்.
"பின்னாடி உட்கார்றவங்கதான் சொல்லணும்."
மலாயில்தான் சொன்னார். ஆனாலும்
பதினோரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.
தைப்பிங் தாண்டிய வளைவிலிருந்து ஆரம்பித்தேன்.
அட்டைப்பெட்டி மூடியில் எழுதிக்கொண்டே இருந்தார்.
இடம் போதாமல் திருப்பினார்.

ஷாக் தண்டில் ஒரு கறுப்பு ஸிப் டையைச் சுற்றி,
"ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்றார்.
போய் வந்தோம்.
தண்டின் கடைசி நுனிவரை தள்ளப்பட்டுக் கிடந்தது அது,
வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில்
சேற்றுக்கோடு நிற்பதுபோல.

"ஷாக் நல்லாருக்கு. எண்ணெய் கசியல.
ஸ்பிரிங்தான் மெலிசு. யார் போட்டது?"
"செந்தூல்ல, போன வருஷம். புத்தம் புதுசு" என்றார் இவர்,
"எடையெல்லாம் கேட்டுத்தான் ஆர்டர் பண்ணான்."
"என்ன எடை சொன்னீங்க?"

செந்தூல்.
பேனாவும் கையுமாக ஒரு பையன்.
பக்கத்தில் கிளப் ஆட்கள் நாலு பேர்,
தோல் ஜாக்கெட்டில் ஒல்லியாக அவர்கள் மனைவிமார்.
அறுபத்து மூன்று என்றேன்.
பொய் என்று சொல்ல முடியாது.
மூத்தவன் பிறப்பதற்கு முந்தைய வருஷம் அது உண்மை.

அந்தப் பழைய உண்மைக்கு அளவெடுத்து
கப்பலில் வந்தது ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட் கம்பிச்சுருள்.
அதற்குப் பிறகு ஒரு வருஷம் இவர்
டயரைத் திட்டினார்,
மணல் லோரிகளைத் திட்டினார்,
சந்தை முன்னாலிருக்கும் குழியைப் பற்றி
நகராண்மைக்கு இரண்டு கடிதம் எழுதினார்.
இரண்டாவதில் எழுத்துப்பிழை திருத்தியது நான்.

தெய்க் ஹின் உள்ளே போய்
பெண்டாட்டியின் குளியலறைத் தராசைத் தூக்கி வந்தார்.
"ஹெல்மெட், பூட்ஸ், பையி,
எப்படிப் போவீங்களோ அப்படியே ஏறுங்க."
"கோப்பி ஓ வாங்கிட்டு வாங்களேன்" என்று
இவரை அனுப்பினேன்.
தெரு திரும்பும்வரை காத்திருந்து ஏறினேன்.

முள் நின்ற இடத்தை இங்கே எழுதப்போவதில்லை.
தெய்க் ஹின் எழுதினார்.
சிரிக்கவில்லை, புருவம்கூட அசையவில்லை.
அந்த மனுஷனுக்கு நூறு வயசு.

மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது.
பில்லை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார் இவர்,
ஒரு பில்லைப் படிக்க வேண்டியதைவிடக்
கூடுதல் நேரம்.
பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பாலம் ஏறினோம்.
இணைப்புகள் எங்கே போயின?
அச்சு மூச்சு விடுவதுபோல ஒரு எழும்பல், ஒரு அமிழல்,
கீழே அந்தி வெயிலில் கடல்.
ஹெல்மெட்டுக்குள் இவர் குரல்:
"செந்தூல்காரனுக்குக் கணக்கே வராது, என்ன?"

"வராதுதான்" என்றேன்.

இவர் முதுகு குலுங்கியது.
சாலை அல்ல,
ஷாக்கும் அல்ல.