குஞ்சப்பனையில் இரண்டு முகம்

தீர்ப்பில் பாத்திரங்களுக்கு ஒரு பக்கம்.
காருக்கு ஒன்றரை வரி:
அறுபத்தேழாம் வருடத்து ட்ரையம்ப், சிவப்பு,
இரண்டு பேர் உட்காரலாம்,
மாதம் விட்டு மாதம்.
ஒற்றைப்படை மாதம் எனக்கு, கோத்தகிரியில்.
இரட்டைப்படை தயாபரனுக்கு, கோவையில்.

ஓடாத காரை எப்படிப் பங்கு வைப்பது என்று
நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை.

சேர்ந்து இருந்தபோதே பிரித்துப் போட்ட எஞ்சின்.
சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தினோம்,
ஹெட்டைச் சீவினோம்,
ரேஸ் ஓட்டுகிற ஒருவனிடம் கடன் சொல்லி
கேம்ஷாஃப்ட் வாங்கினோம்.
பிறகு வக்கீல்கள்.
கார்புரேட்டர் உட்கார வேண்டிய இடத்தில் நான்கு துளை,
நான்கிலும் அவனுடைய பனியன் கிழிசல்,
எலி புகாமல் இருக்க.

‘வெபர். நாற்பது. ஒரு ஜோடி’ என்று எழுதினான்.
‘அவினாசி ரோட்டில் பாடும்.’

பாடும்.
அரவேணு ஏறுவதற்குள் இருமும்.

இங்கே காற்று மெலிசு.
வெபருக்குத் தெரிந்ததெல்லாம் ஜெட்டின் துளை,
கோவையில் நூற்று முப்பத்தைந்து என்றால்
ஆறாயிரம் அடியிலும் அதே பிடிவாதம்.
பெட்ரோல் மிஞ்சும். பிளக் அடுப்புக்கரி ஆகும்.
மாதா மாதம் திறந்து
பதினாறு பித்தளைத் துண்டுகளை மாற்ற வேண்டும்,
ஒன்று தேயிலைப் புதரில் விழுந்தால்
அடுத்த கவ்வாத்து வரை கிடைக்காது.

போஜனிடம் போனேன்.
முட்டைக்கோஸ் ஏற்றும் பிக்கப்புகளுக்கு நடுவே
அவன் முழுசாகக் கேட்டான்.
‘அக்கா, மாருதி வேன் கார்புரேட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு.’
கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னான்.
ஒரு ராத்திரி நானும் நிஜமாகவே யோசித்தேன்.

கடைசியில் எஸ்.யூ., ஒன்றரை இஞ்ச், ஜோடியாக.
புதுப்பேட்டையிலிருந்து சாக்கில் வந்தது.
ஒன்றின் பிஸ்டன் இறுகியிருந்தது,
மற்றதன் தண்டு தேய்ந்து காற்றுக் கசிவு.
பதினோரு மாலை வேலை.
எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ
அவ்வளவுக்கே எழும்பும் அந்த பிஸ்டன்,
கூடத் திணிக்காது.
அடியில் ஒரு நட்டு, ஆறு முகம்.
கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும்,
மேலே ஏற்றினால் குறையும்.
மலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் நட்டு.
இந்த மலையில் ஆறுமுகம் இல்லாமல் எது நடக்கும்
என்றான் போஜன், கையைத் துடைத்துக்கொண்டே.

தயாபரனின் பதில் மூன்று நாள் கழித்து:
‘பாதிப் பணம் அனுப்பியிருக்கிறேன்.
பத்து குதிரை போச்சு.’
போகட்டும். கொண்டை ஊசி வளைவில்
எந்தக் குதிரையை அவிழ்த்துவிடுவது?

நேற்று மாதக் கடைசி.
குஞ்சப்பனையில், பலாப்பழக் கடைக்குப் பக்கத்தில்,
அவன் பேருந்தில் வந்து இறங்கினான்.
நரைத்திருக்கிறான். நானும்தான்.
பானட் முழுசாக முன்னால் சாயும்.
பிளக்கைக் கழற்றிக் காட்டினேன்:
வர்க்கி நிறம், ஓரம் மட்டும் கொஞ்சம் தீய்ந்தது.
‘பரவாயில்லை’ என்றான்.
அது அவனிடம் பெரிய சொல்.

எஞ்சின் ஓடும்போதே
ரப்பர் குழாய் ஒன்றை அவனிடம் கொடுத்தேன்,
ஒரு நுனி கார்புரேட்டரில், மறு நுனி காதில்.
முன்னது அவனுக்கு. பின்னது எனக்கு.
இரண்டும் ஒரே அளவு சீற வேண்டும்.

‘உன்னுது?’
‘கொஞ்சம் கூட. உன்னுது?’
‘எனக்குச் சரியாத்தான் கேக்குது.’
‘சரியில்ல. நல்லா கேளு.’

கேட்டான்.
ஐந்து நிமிடமோ என்னவோ, வேறெதுவும் பேசவில்லை.
யானை இறங்கும் நேரம், கிளம்புங்க என்று
காவலர் டார்ச் அடிக்கும் வரை.

இரண்டு முகம் இறக்கிவிட்டேன், சமவெளிக்கு.
திரும்பி ஏறும்போது இரண்டு முகம் ஏற்று என்றேன்.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.

கடைசிப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன்.
கீழே எங்கோ மூன்றாம் கியர் விழுந்தது,
இருமல் இல்லை.
பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.
என் சுடிதார் கையெல்லாம் பெட்ரோல்.