வைப்புத்தொகை

டுலூத் நகரம், ஜனவரி, இரவு இரண்டு மணி.
ஏரி உறைந்து கிடக்கிறது, கப்பல்களுக்கு விடுமுறை.
இந்த வாரம் தெருவின் இரட்டைப்படைப் பக்கத்தில்
ஒரு வண்டியும் நிற்கக்கூடாது.
நின்றால் நான் இருக்கிறேன்:
க்விக்லி இழுவை நிறுவனம், இரவுப் பிரிவு,
பேசுவது ரோவீனா கிவேலா.

ஒரு அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில்
இரண்டு பக்கம் எழுத வேண்டும்,
இரட்டை இடைவெளி விட்டு:
நீங்கள் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்கள்?

முதல் வரைவில் நீதி ஆறு இடத்தில் வந்தது.
நான் ஓரிடத்திலும் வரவில்லை.

இரண்டாவதில் அப்பாவின் இரும்புச் சுரங்கம்,
அவர் இருமல், அவர் தொழிற்சங்கம்,
கண்ணீர் வரவேண்டிய இடம் மூன்றாம் பத்தி.
அப்பா படித்துவிட்டுச் சொன்னார்:
"நல்லாத்தான் இருக்கு. யாரு இந்த ஆளு?"

தேர்வு மூன்று முறை.
நூற்று ஐம்பத்தெட்டு.
நூற்று அறுபத்துநாலு.
மூன்றாவது மதிப்பெண் வந்த இரவு
பக்கத்தில் ஆளில்லாமல்
வயர்லெஸ்ஸில் ஓட்டுநர் தாடியஸைக் கூப்பிட்டேன்.
"நூற்று எழுபத்தொன்று" என்றேன்.
"எந்தத் தெரு?" என்றான்.

வேதியியலில் வாங்கிய டி-க்கு
தனியாக ஒரு விளக்கக் கடிதம் வேண்டுமாம்.
எழுதினேன்: வகுப்பு காலை எட்டு மணிக்கு.
வேலை இரவில்.
தூங்கிவிட்டேன்.

மூன்றாம் வரைவுக்குக் குறுக்கே
ஒரு குரல் வந்து நின்றுகொண்டது.
போன மார்ச். ஆர்வில் டகெட், தச்சர்.
அவர் வண்டி எங்கள் முற்றத்தில்,
வண்டிக்குள் அவருடைய உளிகள், ரம்பம், இழைப்புளி.
மீட்க முந்நூற்று எண்பத்தைந்து டாலர்,
விடியும் ஒவ்வொரு நாளுக்கும் நாற்பது கூடும்.
தொலைபேசியில் எனக்கு நகரவிதியை வாசித்தார்.
வரிமேல் விரல் வைத்து வாசிக்கிறார் என்பது
காதுக்கே தெரிந்தது.
"இருபத்துநாலு மணி நேரம் முன்னாடி
அறிவிப்பு ஒட்டணும்னு போட்டிருக்கும்மா."
"சார், நான் வண்டி அனுப்புறவ மட்டும்தான்."

வைத்துவிட்டுத் தேடிப் படித்தேன்.
உட்பிரிவு நான்கு.
அவர் சொன்னது சரி.
நான் மறுபடி அழைக்கவில்லை.
வண்டி ஏலத்துக்குப் போனது, ரம்பத்தோடு.

அதை எழுதினேன்.
"நான் மறுபடி அழைக்கவில்லை" என்ற வரியை
நான்கு முறை அழித்தேன்,
ஐந்து முறை எழுதினேன்.

பதினான்கு கல்லூரிகள்.
ஆறு மறுப்புகள், ஒரே அச்சில் வார்த்த வருத்தம்.
ஐந்து மௌனங்கள்.
இரண்டு காத்திருப்புப் பட்டியல்கள்:
வாய்தாவுக்கு அங்கே வைத்திருக்கும் மரியாதையான பெயர்.

பதினான்காவது, ஏப்ரலில்,
கடைசிப் பனி சேறாகிக்கொண்டிருந்த இரவில் வந்தது.
பெருமகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம் என்று தொடங்கியது.
எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன்.
மறுபடி எழுந்து, ஏனென்று தெரியாமல்,
காப்பி இயந்திரத்தைத் துடைத்தேன்.

கடிதத்தின் அடியில்,
என் விண்ணப்பத்தைப் படித்த யாரோ
பேனாவால் ஒரு வரி எழுதி, வருடி அனுப்பியிருந்தார்:
டகெட்டுக்கு என்ன ஆயிற்று?

இடத்தைப் பிடித்துவைக்க
வைப்புத்தொகை ஐநூறு டாலர்.
குறித்த தேதிக்குள் வராவிட்டால்
இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.
எனக்கு இந்த மொழி நன்றாகத் தெரியும்.
எட்டு வருடமாகப் பேசுகிறேன்.

கட்டினேன்.
பிறகு பழைய பதிவேட்டை எடுத்து
மார்ச் வரைக்கும் பின்னால் புரட்டினேன்.
எண் இருந்தது.
மணி நான்கு பத்து.
தச்சர்கள் எத்தனை மணிக்கு எழுவார்கள்?
ஏழு ஆகட்டும்.

இரண்டாம் இணைப்பு ஒலித்தது.
எடுத்தேன்.
எந்தத் தெரு, என்றேன்.
அறிவிப்பு ஒட்டியிருந்ததா, என்றேன்.